ஒயின் இல்லாமல் பிரெஞ்சு சிக்கன் செய்ய முடியுமா? ஆம்பூர், வேலூர் வீட்டு அடுப்புக்கு ஏற்ற 4 கிளாசிக் வகைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை சிக்கன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரியாணிதான். ஆனால் இப்போது செல்போனில் சமையல் வீடியோ பார்க்காத வீடே இல்லை. 'கோக் ஓ வான்', 'புலே ரோட்டி' என்று பிரெஞ்சு சிக்கன் வகைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் செஞ்சு பார்க்கலாமே" என்று நினைப்பவர்கள் அதிகம்.

நினைத்த உடனே மூன்று சந்தேகம் வரும். வீட்டில் ஓவன் இல்லையே? ஒயின் ஊற்றச் சொல்கிறார்களே, அது இல்லாமல் முடியுமா? "கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும்" என்கிறார்களே, அது உண்மையா? முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் வாழும் இந்தப் பகுதியில் கடைசிக் கேள்வி சாதாரணமானது இல்லை. மது குடிக்காத எந்த வீட்டுக்கும் அது முக்கியமான கேள்விதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்?

தோல் காலணி ஏற்றுமதி வழியாகத்தான் பலருக்கும் பிரான்ஸ் தெரியும். இங்கே தயாராகும் தோல் பொருட்கள் போகும் ஐரோப்பிய நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. ஆனால் தொடர்பு அதைவிடப் பழையது. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். அவரை எதிர்த்து நின்ற சந்தா சாகிப், முசாபர் ஜங் அணிக்குத் துணையாக வந்தது பிரெஞ்சுப் படை. அதை அனுப்பியவர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே. கர்நாடகப் போர்கள் என்று பள்ளியில் படிக்கும் வரலாற்றில் இது ஒரு முக்கியமான திருப்பம்.

அந்தப் படை ஆம்பூருக்குச் சமையலைக் கொண்டு வந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் சமையல் இரண்டு பக்கமும் போய் வந்தது. நம்ம ஊர் தாளிப்பு வடகம்தான் 'வடுவான்' என்ற பெயரில் இன்று பிரான்ஸ் சமையலறைகளில் மசாலாவாகப் பயன்படுகிறது. எனவே அவர்கள் சிக்கன் நம் அடுப்பில் ஏறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடுமா?

ஆகாது. பலரும் தவறாக நம்பும் விஷயம் இது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, குழம்பில் சேர்த்துக் கொதிக்கவிடும் ஆல்கஹாலில் எவ்வளவு மிஞ்சுகிறது தெரியுமா?

- 15 நிமிடம் கொதித்தால்: 40 சதவீதம்
- 30 நிமிடம்: 35 சதவீதம்
- 1 மணி நேரம்: 25 சதவீதம்
- 2 மணி நேரம்: 10 சதவீதம்
- இரண்டரை மணி நேரம்: 5 சதவீதம்

வாணலியில் தீப்பற்ற வைத்துக் காட்டுவார்களே, அதில்கூட 75 சதவீதம் அப்படியே இருக்கும் என்கிறது அதே அட்டவணை. பாத்திரத்தின் அகலம், மூடி, தீயின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். ஆனால் 'பூஜ்யம்' ஆவது இல்லை.

பிராய்லர் கோழி 40 நிமிடத்தில் வெந்துவிடும். அதற்குள் ஊற்றிய ஆல்கஹாலில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். மத காரணத்துக்காகத் தவிர்ப்பவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். குடிப்பழக்கத்தை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்கள் உணவில் கலந்த மதுவைக்கூடத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. விருந்துக்கு அழைத்த வீட்டில் ஒயின் சேர்த்திருந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

ஒயின் என்ன வேலை செய்கிறது? தோல் தொழிலில் இருக்கிறது பதில்

ஒயின் குழம்புக்குக் கொடுப்பது நான்கு விஷயங்கள்: புளிப்பு, பழத்தின் மணம், நிறம், லேசான துவர்ப்பு. இந்தத் துவர்ப்புக்குக் காரணம் 'டானின்'. இந்தப் பெயரைத் தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குரோம் முறை வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையில் ஊறவைத்துத் தோல் பதப்படுத்தியது இந்த டானினுக்காகத்தான். டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். தோலில் நடப்பதும் இதுதான், துவர்ப்பான பொருளைச் சாப்பிட்டால் நாக்கு இழுப்பது போலத் தெரிவதும் இதனால்தான்.

அப்படியானால் ஒயினுக்குப் பதில் வெறும் திராட்சை ஜூஸ் ஊற்றினால் ஏன் சரியாக வருவதில்லை என்பது புரியும். கடை ஜூஸில் இனிப்பு மட்டும்தான் தூக்கலாக இருக்கும். புளிப்பும் துவர்ப்பும் போதாது. இந்தக் குறையைச் சரிக்கட்ட வழி இருக்கிறது:

- கொட்டை உள்ள கறுப்பு பன்னீர் திராட்சையைத் தோலோடு வேகவைத்து வடிகட்டினால் நிறமும் துவர்ப்பும் கிடைக்கும்.
- பால், சர்க்கரை சேர்க்காத கெட்டியான டீ டிகாஷன் 3 ஸ்பூன். டீயிலும் டானின் இருக்கிறது.
- 1 அல்லது 2 ஸ்பூன் வினிகர் புளிப்புக்கு.
- திராட்சை கிடைக்காவிட்டால் மாதுளை ஜூஸ். அதிலும் புளிப்பு, துவர்ப்பு இரண்டும் உண்டு.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். அசிட்டிக் அமிலத்தில் இருந்து தயாரித்த செயற்கை வினிகர் என்றால் அதில் போட்டிருக்கும். சமையல் ருசிக்கு ஆப்பிள் அல்லது தேங்காய் வினிகர் நல்லது. ஒயினில் இருந்தே தயாராகும் வினிகர் விஷயத்தில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகம் இருந்தால் உங்கள் ஜமாத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம், அல்லது ஆப்பிள் வினிகரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடையில் என்ன கேட்டு வாங்கணும்?

"தோலோட கொடுங்க" என்று சொல்லி வாங்கணும். தோல் ஊரில் கோழித் தோலை மட்டும் உரித்து எறிந்துவிடுகிறார்கள். பிரெஞ்சு முறையில் தோல்தான் முக்கியம். அதில் இருந்து உருகும் கொழுப்பில்தான் கறி சிவக்கும், கறி வறண்டு போகாமலும் இருக்கும். 1 கிலோ கோழியை 8 பெரிய துண்டாகப் போட்டால் போதும். பிரியாணிக்குப் போடுவது போலச் சின்னதாக வேண்டாம்.

பழைய பிரெஞ்சு செய்முறைகள் பல, வயதான சேவலுக்கும் முட்டை போட்டு ஓய்ந்த கோழிக்கும் எழுதப்பட்டவை. அதனால்தான் 2 மணி நேரம் வேகவைக்கச் சொல்வார்கள். பிராய்லரை அப்படி வேகவைத்தால் நார் நாராகிவிடும். 35 முதல் 40 நிமிடம் போதும். நாட்டுக்கோழி என்றால் பழைய நேரம் சரியாக இருக்கும். இந்த விஷயத்தில் நம்ம ஊர் நாட்டுச்சேவல்தான் அசல் செய்முறைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மற்ற சாமான்களுக்கும் மாற்று உண்டு. அவர்கள் தேடித் தேடி வாங்கும் குட்டி வெங்காயத்துக்கு நம்ம சின்ன வெங்காயம் போதும். தைம் என்ற மூலிகை கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை ஓமம். இரண்டிலும் மணம் தருவது தைமால் என்ற ஒரே பொருள்தான். ஓமத்தை அதிகம் போட்டுவிடக் கூடாது, காட்டமாகிவிடும். நம்ம பிரிஞ்சி இலை வேறு மரம், லவங்கப்பட்டை வாசனை வரும். ஒரு இலைக்கு மேல் போட வேண்டாம். பன்றி இறைச்சித் துண்டு சேர்க்கச் சொல்லும் இடத்தில் அதை விட்டுவிடலாம். தோலோடு கோழி இருந்தால் அந்தக் கொழுப்பே போதும்.

சிவக்க வறுப்பது ஏன் அவசியம்?

பிரெஞ்சு சிக்கனில் மசாலா குறைவு. ருசியில் பாதி கறியைச் சிவக்க வறுப்பதில் இருந்து வருகிறது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமாகி மணம் வரும். இதை 1912-ல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இதற்கு சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அதனால் ஈரமான கறியைப் போட்டால் அது வேகுமே தவிர சிவக்காது.

செய்ய வேண்டியது இதுதான்: கறியைச் சுத்தமான துணி அல்லது டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். உப்பு, மிளகு தடவுங்கள். அடிகனமான தேக்சாவில் 2 ஸ்பூன் எண்ணெயும் 1 ஸ்பூன் வெண்ணெயும் சூடாக்குங்கள். தோல் பக்கம் கீழே இருக்கும்படி நான்கு நான்கு துண்டாக வறுத்தெடுங்கள். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். வெறும் வெண்ணெய் கருகும் என்றால் நெய் ஊற்றலாம். கருகக்கூடிய பால் பகுதி நெய்யில் நீக்கப்பட்டிருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பகுதியைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுரண்டினால் அதுதான் குழம்பின் ருசி.

1. புலே பாஸ்கேஸ்: முதல் முறை செய்பவர்களுக்கு

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள பாஸ்க் பகுதியின் உணவு. தக்காளி, குடைமிளகாய், பூண்டு, மிளகாய்தான் பிரதானம். சிலர் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள், ஆனால் அது இல்லாமலும் முழுமையாக வரும்.

தேவை: கோழி 1 கிலோ, குடைமிளகாய் 3 (சிவப்பு, பச்சை), பெரிய வெங்காயம் 2, தக்காளி 4, பூண்டு 5 பல், காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 ஸ்பூன். அங்கே எஸ்பெலெட் என்ற ஊர் மிளகாயைப் போடுவார்கள். அது காரம் குறைவு, நிறமும் மணமும் அதிகம். காஷ்மீரி மிளகாய் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்யும்.

கோழியைச் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அதே பாத்திரத்தில் நீளமாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாயை 10 நிமிடம் வதக்குங்கள். பூண்டு, மிளகாய்த்தூள், தக்காளி சேர்த்துக் குழைந்ததும் கோழியைத் திரும்பப் போட்டு, மூடி, சிறு தீயில் 35 நிமிடம். கடைசி 10 நிமிடம் மூடியை எடுத்துவிட்டால் குழம்பு கெட்டியாகும். சாதத்தோடு சாப்பிடுவது அங்கேயும் வழக்கம்.

2. நாற்பது பூண்டு கோழி: தம் தெரிந்தவர்களுக்கு சுலபம்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பூண்டை நசுக்கினால்தான் காட்டமான வாசனைப் பொருள் உருவாகும். தோல் உரிக்காமல் முழுசாக வேகவைத்தால் அது உருவாவதற்குள் சூடு தடுத்துவிடும். பூண்டு இனிப்பாக, வெண்ணெய் போலக் குழைந்துவிடும்.

இதில் ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. பிரான்ஸில் இந்தக் கோழியை வைத்து, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி அடைப்பது பழைய முறை. பிரியாணி தேக்சாவுக்கு மாவு பூசி தம் போடும் அதே வேலைதான்.

1.2 கிலோ முழுக்கோழியை ஒற்றி எடுத்து, உப்பு, மிளகு தடவி, எல்லாப் பக்கமும் 10 நிமிடம் வறுங்கள். உரிக்காத 40 பூண்டுப் பல், 100 மில்லி எண்ணெய், ஒரு சிட்டிகை ஓமம், பிரிஞ்சி இலை சேருங்கள். மூடி, கோதுமை மாவால் அடைத்து, கீழே தோசைக்கல் வைத்து மிகச் சிறு தீயில் 75 நிமிடம். திறந்ததும் பூண்டைப் பிதுக்கி பன் அல்லது ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம்.

3. புல் ஓ போ: நாட்டுக்கோழி, குக்கர் போதும்

ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் ஞாயிறுதோறும் பானையில் கோழி வேக வேண்டும் என்று பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பானைக் கோழிதான் இது. ஒயின் கிடையாது, வறுப்பதும் கிடையாது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது.

நாட்டுக்கோழி 1 கிலோவைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் திறந்தபடியே கொதிக்க வைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். 3 கிராம்பு குத்திய வெங்காயம் ஒன்று, மிளகு, உப்பு, இலை சேர்த்து குக்கரை மூடி 5 முதல் 6 விசில். பிறகு பெரிதாக வெட்டிய கேரட், டர்னிப் அல்லது நூல்கோல், வெங்காயத்தாள் போட்டு இன்னும் 1 விசில். முதலில் சூப், பிறகு கறியும் காயும். காலணி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு இதில் ஒரு வசதி: அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டாம்.

4. கோக் ஓ வான்: ஒயின் இல்லாமல்

பர்கண்டி பகுதியோடு சேர்த்துப் பேசப்படும் உணவு. பெயரின் பொருளே 'ஒயினில் சேவல்'. அதனால் ஒயின் இல்லாததை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே சாயலில் நல்ல குழம்பு வரும்.

பன்னீர் திராட்சை அரை கிலோவை ஒரு டம்ளர் தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்து, மசித்து வடிகட்டி, பாதியாகும் வரை சுண்ட விடுங்கள். கோழி 1 கிலோவைச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே பாத்திரத்தில் சின்ன வெங்காயம் 200 கிராம், கேரட் 1, பூண்டு 4 பல் வதக்கி, 1 ஸ்பூன் மைதா தூவிக் கிளறுங்கள். திராட்சைச் சாறு, 300 மில்லி கோழி வேகவைத்த தண்ணீர், 3 ஸ்பூன் டீ டிகாஷன், 1 ஸ்பூன் வினிகர், இலை சேர்த்து கோழியைப் போட்டு மூடுங்கள். பிராய்லர் 40 நிமிடம், நாட்டுச்சேவல் ஒன்றரை முதல் 2 மணி நேரம். தனியாக வெண்ணெயில் வதக்கிய காளான் 200 கிராமைக் கடைசியில் சேருங்கள். ருசி பார்த்து, இனிப்பு தெரிந்தால் இன்னும் அரை ஸ்பூன் வினிகர். மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்தரிக்காய் இருக்கவே இருக்கிறது. தக்காளி, குடைமிளகாயோடு எண்ணெயில் மெதுவாக வதக்கினால் அதுவும் பிரெஞ்சு பாணிக் காய்கறிதான்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுக்கோழி சமைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். வெளியே சிவந்திருக்கும், தொடை எலும்பு அருகே பச்சையாக இருக்கும். தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர்தான் நம்பகமான வழி. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவினால் கிருமிகள் தெறித்து சிங்க், பாத்திரம், காய்கறி எல்லாவற்றிலும் பரவும். கழுவாமல் முடியாது என்பவர்கள், குழாயை வேகமாகத் திறக்காமல் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, பிறகு சிங்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

இன்னொன்று, வேலூர் வெயில். சமைத்த கறியை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரம்தான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மதியம் செய்ததை இரவு வரை அடுப்பு மேலேயே வைப்பது நல்லதில்லை. மீதியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

சுருக்கமாக

- ஓவன் தேவையில்லை. அடிகனமான பாத்திரம், மூடி, சிறு தீ போதும்.
- ஒயினை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஆல்கஹால் முழுதாகப் போகாது. வேண்டாம் என்பவர்கள் சேர்க்காமல் இருப்பதே ஒரே வழி.
- திராட்சை, டீ டிகாஷன், வினிகர் மூன்றும் சேர்ந்தால் ஒயினின் புளிப்பும் துவர்ப்பும் கிடைக்கும்.
- தோலோடு வாங்குங்கள், ஈரத்தை ஒற்றுங்கள், சிவக்க வறுங்கள்.
- முதல் முறை என்றால் புலே பாஸ்கேஸில் தொடங்குங்கள். நாட்டுக்கோழி கிடைத்தால் புல் ஓ போ. கோக் ஓ வானை நேரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.